இயக்குநர் மாறும் மாதத்திலும் வாடகை தவறக் கூடாது: வீடற்ற குடும்பங்களுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனங்களுக்கான பொறுப்பு ஒப்படைப்பு வழிகாட்டி

வீடில்லாத குடும்பங்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்கும் தொண்டு நிறுவனத்தின் பெரிய சொத்து கணக்குப் புத்தகத்தில் இருக்காது. அது வீட்டுக்காரர்களின் நம்பிக்கை. "இவர் சொன்னால் வாடகை வந்துவிடும்" என்று பத்து இருபது வீட்டுக்காரர்கள் நினைப்பதால்தான், சம்பளச் சீட்டு காட்ட முடியாத ஒரு குடும்பத்தின் கைக்குச் சாவி வருகிறது. அந்த 'இவர்' பெரும்பாலும் இயக்குநர்தான். அவர் கிளம்பும்போது அந்த நம்பிக்கையும் அவருடைய செல்போனோடு சேர்ந்து கிளம்பிவிடுகிறது.

அதனால் தலைமை மாற்றத்தை ஆள் தேடும் விளம்பரத்திலிருந்து தொடங்க வேண்டாம். அடுத்த இரண்டு மாத வாடகையிலிருந்து தொடங்குங்கள்.

60 நாள் வாடகை அட்டவணை

வரும் 60 நாட்களில் நிறுவனம் கட்ட வேண்டிய ஒவ்வொரு வாடகையையும் தேதி வரிசையில் ஒரே தாளில் எழுதுங்கள். வரிக்கு ஆறு விவரம்: குடும்பத்தின் கோப்பு எண் (பெயர் வேண்டாம்), வீட்டுக்காரர், வாடகையில் குடும்பத்தின் பங்கும் நம் பங்கும், எந்த நிதியிலிருந்து போகிறது, ஒப்புதல் தருபவர், கையெழுத்திடுபவர். கடைசி இரண்டு கட்டங்களிலும் ஒரே பெயர் மேலிருந்து கீழ்வரை ஓடினால் ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். அது பெரும்பாலும் போகப்போகிறவரின் பெயராகவே இருக்கும்.

நான்காவது விவரத்தை அவசரமாக நிரப்பாதீர்கள். ஒரு நன்கொடையாளர் முன்பணத்துக்கென்று கொடுத்த பணத்தை மாத வாடகைக்குத் திருப்ப முடியாது. எந்தப் பணம் எதற்கு என்பதை அனுபவமுள்ள இயக்குநர் மனதிலேயே வைத்திருப்பார். புதியவரோ வங்கி இருப்பைப் பார்த்துவிட்டுப் பணம் இருக்கிறது என்று நினைத்துவிடுவார். மொத்த இருப்பில் கட்டுப்பாடுள்ள பணம் எவ்வளவு, கட்டுப்பாடில்லாதது எவ்வளவு என்று அட்டவணையின் அடியில் இரண்டே வரி எழுதிவையுங்கள்.

பொறுப்பு மாறும் தேதியையும் இந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். வாடகைகள் 1ஆம் தேதியிலிருந்து 5ஆம் தேதிக்குள் போவதாக இருந்தால், 10ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் இடையில் மாற்றுவது நல்லது. "மாதக் கடைசியோடு விலகுகிறேன்" என்பது சம்பளக் கணக்குக்கு வசதி, அவ்வளவுதான். புதியவர் அலுவலகத்தில் கால் வைக்கும் அன்றே முப்பது வாடகைக்குக் கையெழுத்துப் போட வேண்டிவரும். அவருக்கு வங்கியில் இன்னும் அதிகாரம் வந்திருக்காது.

வங்கியில் நிர்வாகக் குழுத் தீர்மானம், அடையாள ஆவணங்கள், மாதிரிக் கையெழுத்து, சரிபார்ப்பு என்று வாரக்கணக்கில் இழுக்கும். முறை இதுதான்: புதிய பெயரைச் சேர்த்து, அந்தக் கையெழுத்தில் ஒரு சிறிய தொகை உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா என்று பார்த்த பிறகே பழைய பெயரை நீக்குங்கள். தலைகீழாகச் செய்தால் நடுவில் சில நாள் கையெழுத்திட ஆளே இருக்காது. எந்த நாளிலும் குறைந்தது இரண்டு பேருக்கு அதிகாரம் இருக்கட்டும். முன்தேதியிட்டுக் கொடுத்த காசோலைகளையும் தானாகப் போகும் மாதாந்திரப் பரிமாற்றங்களையும் தனியே பட்டியலிடுங்கள். பழைய கையெழுத்துள்ள காசோலையை வங்கி திருப்பிவிடக்கூடும். வீட்டுக்காரருக்கு அது வங்கியின் விதியாகப் படாது, "ஆள் மாறினதும் பணம் நின்றுவிட்டது" என்றுதான் படும்.

எழுத்தில் இல்லாத வாக்குகள்

ஒப்படைப்பில் கடினமான பகுதி இதுதான், மிக எளிதாக விட்டுப்போவதும் இதுதான். "உங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதித் தாருங்கள்" என்று கேட்டால் போகிறவர் நாற்பது பக்கம் எழுதித் தருவார். தேவையானது அதில் இருக்காது. தனக்குத் தெரியும் என்பதே அவருக்குத் தெரியாத விஷயங்கள் நிறைய உண்டு. அவற்றை உட்கார்ந்து கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மூன்று அரைநாட்களை ஒதுக்குங்கள். போகிறவர் தன் செல்போனின் தொடர்புப் பட்டியலை முதலிலிருந்து வரிசையாகப் பார்த்து வரட்டும். நிறுவனத்தோடு சம்பந்தமுள்ள ஒவ்வொரு பெயருக்கும் நான்கு கேள்வி: இவர் யார்? இவருக்கு நாம் என்ன சொல்லியிருக்கிறோம்? இவர் நமக்கு என்ன சொல்லியிருக்கிறார்? கடைசியாக எப்போது, எதற்காகப் பேசினீர்கள்? பக்கத்தில் ஒருவர் குறிப்பெடுக்கட்டும். புதியவர் தேர்வாகாவிட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம். கடைசி வாரம் வழியனுப்புவதிலேயே போய்விடும்.

ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் ஒரு அட்டை போடுங்கள். நன்றாக நிரப்பிய அட்டை இப்படி இருக்கும்:

"ஒரே கட்டடத்தில் மூன்று வீடுகள். வாடகை 3ஆம் தேதி. 5 வரை பொறுப்பார், 6ஆம் தேதி காலை கூப்பிடுவார். குழாய்ப் பழுதும் மின்சாரப் பழுதும் நாமே பார்ப்பதாக வாய்ச்சொல், ஒப்பந்தத்தில் இல்லை. சுவர் சேதத்துக்கு ஒருமுறை முன்பணத்தில் கழிக்காமல் தனியாகக் கொடுத்தோம், அதையே வழக்கமாக எதிர்பார்க்கிறார். சின்னப் பிள்ளைகள் இருந்தால் தரைத்தளம் மட்டும் தருவார். குறுஞ்செய்தி பார்க்க மாட்டார், மாலை 6 மணிக்கு மேல் அழைக்க வேண்டும். கணக்கு வழக்கெல்லாம் மகளிடம்."

இந்த அட்டை இல்லாமல் வரும் புதியவர், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டுக் குழாய்ப் பழுது உரிமையாளர் பொறுப்பு என்று கண்ணியமாக ஒரு மின்னஞ்சல் அனுப்புவார். சட்டப்படி அவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒப்பந்தம் முடியும்போது மூன்று வீடுகளும் கைவிட்டுப் போகும்.

தனிப்பட்ட முறையில் போட்ட கையெழுத்துகளை விடாமல் தேடிப் பிடியுங்கள். நிறுவனத்தின் பெயருக்கு வீடு தர மறுக்கும் உரிமையாளர்களிடம் இயக்குநர் தன் சொந்தப் பெயரில் ஒப்பந்தம் போட்டிருப்பார், அல்லது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பார். மின் இணைப்பும் தண்ணீர் இணைப்பும் அவர் பெயரில் இருக்கலாம். நிறுவனத்தின் பெயரில், அதன் சார்பில் போட்ட ஒப்பந்தம் பொதுவாக ஆள் மாறுவதால் செத்துப்போவதில்லை. தனிப்பட்ட ஜாமீன் அப்படியல்ல, வேலையை விட்ட பிறகும் அவரைத் துரத்தும். ஒவ்வொன்றையும் நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுங்கள். உரிமையாளர் சம்மதிக்காவிட்டால், அந்த ஜாமீனால் வரும் இழப்பை நிறுவனமே ஏற்கும் என்று போகிறவருக்குக் கடிதம் கொடுப்பதா என்பதை வழக்கறிஞரிடம் கேட்டு நிர்வாகக் குழு முடிவு செய்யட்டும்.

இன்னொன்று முன்பணம். குடும்பங்களுக்காக நாம் கட்டிய முன்பணம் பல வீட்டுக்காரர்களிடம் கிடக்கும். குடும்பம் காலி செய்யும்போது அது நமக்குத் திரும்புமா, குடும்பத்துக்கே போகுமா? பெரும்பாலான இடங்களில் இதை யாரும் எழுதி வைத்திருப்பதில்லை. கணக்கிலும் அது அன்றே செலவாகக் காட்டப்பட்டிருக்கும். யாரிடம் எவ்வளவு, எந்தத் தேதியில், திரும்பினால் யாருக்கு என்று பட்டியல் எடுத்து, முடிந்தவரை வீட்டுக்காரரிடம் ஒரு வரி உறுதி வாங்கிவிடுங்கள். கேட்க ஆளில்லாத முன்பணம் தானாகத் திரும்பி வந்ததில்லை.

யாரிடம் எப்போது சொல்வது

வரிசை முக்கியம், வேகம் அதைவிட முக்கியம். நிர்வாகக் குழு, மூத்த பணியாளர்கள், எல்லாப் பணியாளர்கள், பெரிய நன்கொடையாளர்களும் வீட்டுக்காரர்களும், குடும்பங்கள், கடைசியாகப் பொதுவெளி. முதல் நான்கும் 48 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் செய்தி உங்களுக்கு முன்னே போய்ச் சேரும், அதுவும் கைகால் முளைத்து.

நன்கொடை ஒப்பந்தங்களை எடுத்துப் பாருங்கள். முக்கியப் பொறுப்பாளர் மாறினால் இத்தனை நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற விதி பலவற்றில் இருக்கும். சிலவற்றில் முன் ஒப்புதலே வேண்டும். அதைத் தவறவிட்டால் அடுத்த தவணை நிற்கும், அதாவது யாரோ ஒரு குடும்பத்தின் வாடகை நிற்கும். பெரிய நன்கொடையாளர்களில் முதல் பத்துப் பேருக்குப் போகிறவரும் குழுத் தலைவரும் சேர்ந்து தொலைபேசியில் சொல்லட்டும். நிறுவனம் பதிவு செய்யப்பட்ட அரசு அலுவலகம், வரித் துறை, காப்பீடு, தணிக்கையாளர் ஆகியோருக்குப் பொறுப்பாளர் மாற்றத்தைத் தெரிவிப்பதற்கு யார், எந்தத் தேதிக்குள் என்று பெயர் போட்டு ஒதுக்குங்கள்.

வீட்டுக்காரர்களில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடு தந்தவர்களையும் மனக்கசப்பில் இருப்பவர்களையும் நேரில் பாருங்கள். போகிறவர், வருகிறவர் இருவரும் சேர்ந்து போக வேண்டும். பேசுவதற்கு நீண்ட உரை வேண்டாம். "ஐயா, 12ஆம் தேதியோடு நான் விலகுறேன். இனிமே இவங்கதான். வாடகை அதே 3ஆம் தேதி வரும். பழுதுக்குக் கூப்பிட வேண்டிய நம்பரும் அதேதான். குழாய் பத்தி நமக்குள்ள பேசினது இவங்களுக்கும் தெரியும்." கடைசி வாக்கியம்தான் காரியத்தைச் செய்கிறது. வாய்ச்சொல் கைமாறிவிட்டது என்று அந்த ஒரு வரியில் அவருக்குப் புரிந்துவிடும்.

குடும்பங்களுக்குக் கடிதம் அனுப்ப வேண்டாம். காலி செய்யச் சொல்லி உறை வாங்கிப் பழகியவர்கள், நிறுவனத்தின் முத்திரை போட்ட உறையைப் பார்த்தாலே பயப்படுவார்கள். பிரிக்காமலே வைத்துவிடுபவர்களும் உண்டு. அவரவர் களப்பணியாளரே வழக்கமான சந்திப்பில், அவர்களுக்குப் புரியும் மொழியில் சொல்லட்டும்: இயக்குநர் மாறுகிறார், உங்கள் வீடும், வாடகை உதவியும், உங்களைப் பார்க்க வரும் நானும் மாறவில்லை. இப்படிச் சொல்வதற்கு முன் அது உண்மைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் களப்பணியாளரே வேலை தேடிக்கொண்டிருந்தால் அந்த வாக்கியம் இரண்டே மாதத்தில் பொய்யாகிவிடும். தலைமை மாறும்போது முதலில் கழன்று போகிறவர்கள் களப்பணியாளர்கள்தான். மூத்த களப்பணியாளர்களிடம் குழுத் தலைவர் தனித்தனியே பேசி, குறைந்தது ஆறு மாதம் இருப்பார்களா, அதற்கு என்ன வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பதில் தவறில்லை.

குடும்பங்களில் சிவப்புப் பட்டியல் ஒன்றும் வேண்டும். 30 நாளுக்குள் ஏதாவது ஒரு தேதி நெருங்கும் குடும்பங்கள் இதில் வரும்: காப்பகத்தில் தங்கும் காலம் முடிகிறவர்கள், ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டியவர்கள், வாடகை உதவி நிற்கப்போகிறவர்கள், பாக்கி வைத்துக் காலி செய்யும் அறிவிப்பு வாங்கியவர்கள், வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகாதவர்கள். இந்தப் பட்டியலில் இருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் இயக்குநரின் முடிவுக்காகக் காத்திருக்கும் நிலை வரக் கூடாது. கிளம்புவதற்கு முன்பே அந்த முடிவுகளை எடுத்துவிடுங்கள், அல்லது இந்தத் தொகைவரை முடிவெடுக்கும் அதிகாரத்தைத் திட்ட மேலாளருக்கு எழுத்தில் கொடுங்கள்.

கடவுச்சொல்லும் சாவியும்

வங்கி, சம்பளக் கணக்கு, நன்கொடை பெறும் இணையப் பக்கம், இணையதள முகவரிப் பதிவு, சமூக வலைதளப் பக்கங்கள், குடும்பக் கோப்புகள் இருக்கும் மென்பொருள் என எல்லாவற்றிலும் ஓடிபி யாருடைய செல்போனுக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக உள்நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் பட்டியலைக் கையில் வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடவுச்சொல் சரியாக இருக்கும், ஓடிபி மட்டும் வேறெங்கோ வேலை பார்க்கும் பழைய இயக்குநருக்குப் போய்க்கொண்டிருக்கும். நிறுவனத்துக்கென்று ஒரு எண் வாங்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள்.

அவருடைய சொந்தச் செல்போனில் குடும்பங்களின் அடையாள அட்டைப் படங்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் கிடக்கும். வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வந்தவர்களின் புதிய முகவரியும் அவற்றில் இருக்கலாம். தேவையானதைக் கோப்புக்கு மாற்றி, மீதியை அழித்து, அழித்ததாக ஒரு வரி எழுதி வாங்குங்கள். இது நம்பிக்கையின்மை இல்லை, போகிறவருக்கும் இது பாதுகாப்புதான். வீடுகளின் மாற்றுச் சாவிகளை எண்ணி, எண் போட்டு, இருவரும் கையெழுத்திட்டு ஒப்படையுங்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

திட்டமிட்ட மாற்றமென்றால் அறிவிப்பிலிருந்து பொறுப்பேற்பு வரை ஆறு முதல் ஒன்பது மாதம் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பதாரர்களிடம் சமூகச் சேவையில் ஆர்வம் எப்படி வந்தது என்று கேட்பதால் ஒன்றும் தெரியப்போவதில்லை. ஒரு சூழ்நிலையைக் கொடுங்கள். மாதம் 28ஆம் தேதி. ஒரு வீட்டுக்காரர் அழைக்கிறார்: குடும்பம் தன் பங்கை இரண்டு மாதமாகத் தரவில்லை. நிதியில் மூன்று புதிய குடும்பங்களின் முன்பணத்துக்கான பணம் மட்டுமே இருக்கிறது. களப்பணியாளர் விடுப்பில் இருக்கிறார். முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? நல்ல விண்ணப்பதாரர் பதில் சொல்லுமுன் கேள்வி கேட்பார். அந்தப் பணம் கட்டுப்பாடுள்ளதா, குடும்பத்தின் வருமானம் ஏன் நின்றது, அந்த வீட்டுக்காரரிடம் நமக்கு வேறு வீடுகள் உண்டா? உடனே பணத்தை எடுத்துக் கொடுப்பவரையும் கவனியுங்கள், உடனே குடும்பத்தைக் கண்டிப்பவரையும் கவனியுங்கள்.

தேர்வுக் குழுவில் ஒரு களப்பணியாளரும், முன்பு இந்தத் திட்டத்தின் வழியாக வீடு பெற்ற ஒருவரும் இருக்கட்டும். பின்னவரின் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். மற்றவர்கள் சம்பள நேரத்தில் வந்து உட்கார்ந்திருப்பார்கள், அவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பார்.

இயக்குநர் திடீரென்று விலகினாலோ, நோயில் விழுந்தாலோ, நீக்கப்பட்டாலோ நிலைமை வேறு. முதல் 72 மணி நேரத்தில் மூன்றே கேள்வி: கையெழுத்து யாருக்கு, அடுத்த வாடகையும் சம்பளமும் எந்தத் தேதி, வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு யார் பதில் சொல்வது? பொறுப்பு இயக்குநராக உள்ளிருந்தே ஒருவரை நியமித்தால், நிரந்தரப் பதவிக்கு அவர் விண்ணப்பிக்கலாமா கூடாதா என்பதை அன்றே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் அவர் எடுக்கும் ஒவ்வொரு முடிவையும் பணியாளர்கள் தேர்தல் பிரச்சாரமாகப் பார்ப்பார்கள். நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றால், அந்தப் பொறுப்பில் இருக்கும்வரை குழுவில் வாக்களிக்காமல் விலகியிருப்பதுதான் முறை.

இரண்டு இயக்குநர்கள் இருக்கும் வாரங்கள்

இரண்டு முதல் நான்கு வாரம் இருவரும் சேர்ந்திருப்பது நல்லது. அதைத் தாண்டினால் கெடுதல். பணியாளர்கள் கேள்வியைப் பழையவரிடம் கொண்டுபோவார்கள், அவரும் பழக்கத்தில் பதில் சொல்லிவிடுவார். முதல் வாரம் பழையவர் முடிவெடுக்க, புதியவர் பார்க்கட்டும். இரண்டாவது வாரத்திலிருந்து புதியவர் முடிவெடுக்க, பழையவர் கேட்டால் மட்டும் பேசட்டும். நாற்காலியையும் அன்றே மாற்றுங்கள். அறை யாருடையதோ கேள்வி அவரிடம்தான் போகும்.

போகிறவர் நிறுவனரே என்றால் சிக்கல் இரட்டிப்பு. "குழுவில் உறுப்பினராக இருக்கட்டுமே" என்று மரியாதைக்காகச் செய்யும் ஏற்பாடு, புதியவரின் கையைக் கட்டிப்போடும். குறைந்தது ஒரு வருடம் அவர் குழுவுக்கு வெளியே இருப்பது நல்லது. அதற்குப் பதிலாக முதல் மூன்று மாதம் வாரம் ஒரு மணி நேரம் தொலைபேசியில் கிடைப்பார் என்று எழுதிக்கொள்ளுங்கள். அழைப்பது புதியவராக இருக்கட்டும், நிறுவனர் அழைக்கக் கூடாது.

முதல் 90 நாளில் புதியவர் தொடக் கூடாத ஒன்று உண்டு: யாருக்கு உதவி என்ற தகுதி விதி. ஏற்கெனவே வரிசையில் நிற்கும் குடும்பங்களுக்குப் பழைய விதியே செல்லும் என்று குழு தீர்மானம் போடட்டும். வெளியிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கொள்கையோடு வருவார்கள். நிபந்தனை போடாமல் முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்ற வழிமுறை 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய திட்டத்தால் பரவியது. ஆனால் அது தொடங்கியது மனநலப் பாதிப்புள்ள தனிநபர்களுக்காக. குடும்பங்கள் விஷயத்தில், அமெரிக்காவில் 12 இடங்களில் 2,282 குடும்பங்களோடு நடந்த 'ஃபேமிலி ஆப்ஷன்ஸ்' ஆய்வைப் படிப்பது பயன்தரும். அதில் மறுபடி வீடிழக்காமல் காப்பதில் நீண்டகால வாடகை உதவி மற்ற வழிகளைவிடத் தெளிவாக முன்னே நின்றது. குறுகியகால வாடகை உதவி, காப்பகம் போன்ற வழக்கமான ஏற்பாட்டைவிடப் பெரிதாகப் பலன் தரவில்லை, செலவு மட்டும் குறைவு. திட்டத்தை மாற்றலாம், தவறில்லை. முதலில் உங்கள் சொந்தக் கோப்புகளைப் பாருங்கள். வீடு பெற்ற குடும்பங்களில் 6 மாதத்திலும் 12 மாதத்திலும் எத்தனை பேர் அதே வீட்டில் அல்லது வேறொரு நிலையான வீட்டில் இருக்கிறார்கள்? இந்த எண்ணே கையில் இல்லையென்றால், முதல் 90 நாள் வேலை அதைக் கண்டுபிடிப்பதுதான்.

அதே காலத்தில் புதியவர் முடிந்துபோன பத்துக் கோப்புகளையாவது படிக்கட்டும், அதில் ஐந்து தோற்றுப்போனவையாக இருக்கட்டும். வாரம் ஒரு வீட்டுக்குக் களப்பணியாளரோடு போகட்டும், பேசாமல் உட்கார்ந்திருக்கட்டும். 60 நாளுக்குள் எல்லா வீட்டுக்காரர்களையும் ஒருமுறையாவது சந்தித்து, அட்டையில் தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்க்கட்டும். 90ஆவது நாள் அதே வாடகை அட்டவணையைக் குழு மறுபடி கேட்டு வாங்கட்டும். கடைசி இரண்டு கட்டங்களில் இப்போது புதியவரின் பெயரே மேலிருந்து கீழ்வரை ஓடுகிறதென்றால், ஆள் மாறியிருக்கிறார், ஏற்பாடு மாறவில்லை.

பிரிவு உபசார நிகழ்ச்சியை அந்த மாத வாடகை எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு வையுங்கள். வீட்டுக்காரர்களையும் கூப்பிடுங்கள். வருகிறவர்களைப் புதியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.